கூரையில் வெயில், வீட்டுக்குள் இருட்டு

2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. சுங்கைப்பட்டாணியில் என் அத்தை குடியிருக்கும் தாமானில் காலை பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. நிலத்தடிக் கேபிளில் கோளாறு, சரிசெய்ய நேரமாகும் என்றார்கள்.

அத்தை வீட்டிலிருந்தபடியே உறைய வைத்த உணவு வியாபாரம் செய்பவர். கறிபாப், சமோசா, மசாலா தடவிய ஆட்டிறைச்சி என்று நான்கு ஃபிரீசர்கள் நிறைய வைத்திருப்பார். அன்று காலை ஏழு மணிக்குத்தான் தீபாவளி ஆர்டருக்காக 30 கிலோ ஆட்டிறைச்சியையும் 800 கறிபாப்பையும் புதிதாக உள்ளே வைத்திருந்தார். அவை எதுவும் இன்னும் உறையவில்லை.

பத்தேகாலுக்கு என் கைப்பேசி அடித்தது. நான் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தேன்.

"என்னடி, மேல வெயில் கொளுத்துது. கூரை முழுக்க தகடு இருக்கு. கரண்ட் போனா உன் சோலாருக்கு என்ன வந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு நடுவில் அத்தை சூரியசக்தித் தகடு பொருத்தியதற்கு நான்தான் காரணம். மின்பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன் என்ற பெருமையில், "போடுங்க அத்தை, கரண்ட் பில் குறையும்" என்று விடாமல் சொன்னவள் நான். கட்டணம் உண்மையில் குறைந்தது. ஆனால் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை. விற்றவரும் தானாக முன்வந்து சொல்லவில்லை.

இரவு ஒரு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. ஏற்கெனவே கல்லாக உறைந்திருந்த பொருள்கள் தப்பின. காலையில் வைத்த இறைச்சி நாறத் தொடங்கியிருந்தது. கறிபாப் நமத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தூக்கி எறிந்ததும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததும் சேர்த்து 1,700 ரிங்கிட்டுக்கு மேல் நட்டம். அத்தை என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு சூரிய மின்சாரத்தைப் பாடநூலுக்கு வெளியே படிக்க ஆரம்பித்தேன். தொழிற்பயிற்சிக்கும் சூரியசக்திக் குத்தகையாளர் ஒருவரிடமே சேர்ந்தேன். அங்கே புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது "சோலார் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். மின்பொறியியல் படிக்காவிட்டாலும் சரியான கேள்வியை நீங்கள் கேட்டுவிட முடியும்.

தகடு ஒன்று, முறைகள் மூன்று

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நம் ஊர்க் கூரைகளில் உருளைத் தொட்டியோடு இருக்கும் அமைப்பு பெரும்பாலும் சூரிய நீர்ச்சூடேற்றி. அது வெயிலின் வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கும். மின்சாரம் உற்பத்தி செய்யாது. மின்சாரம் தருவது சிலிக்கான் மின்தகடு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல் உருவான சிலிக்கான் மின்கலத்தின் வழித்தோன்றல் அது. ஒளி பட்டதும் சிலிக்கானில் இருக்கும் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஒரே திசையில் ஓடும். அது நேர்மின்னோட்டம். நம் வீட்டுக் கருவிகளுக்குத் தேவை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். இடையில் நின்று அதை மாற்றிக் கொடுப்பது இன்வெர்ட்டர்.

எந்த வீட்டுக்குப் போனாலும் தகடு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இன்வெர்ட்டர் எதனோடு இணைகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பொது மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்தால் அது ஒருவகை. பேட்டரியோடு மட்டும் இணைந்தால் இன்னொரு வகை. இரண்டோடும் இணைந்தால் மூன்றாவது வகை.

கட்டமைப்போடு இணைந்த முறை

அத்தை வீட்டில் இருப்பது இதுதான். 550 வாட் தகடுகள் எட்டு, மொத்தம் 4.4 கிலோவாட். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு மூன்றரை யூனிட் தரும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். மழைநாளில் குறையும், நல்ல வெயிலில் கூடும். அப்படிப் பார்த்தால் அத்தை வீட்டுக் கூரை நாளுக்கு 15 யூனிட், மாதத்துக்கு 450 யூனிட் போல உற்பத்தி செய்கிறது.

பகலில் ஃபிரீசர்கள் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மீதி, இருவழி மீட்டர் வழியாக வெளியே தெனாகா நேஷனலின் கட்டமைப்புக்குப் போகிறது. இரவில் அங்கிருந்து மின்சாரம் உள்ளே வருகிறது. அத்தை சேர்ந்தது நெம் எனப்படும் நிகர மின் அளவீட்டுத் திட்டத்தில். அதில் வீட்டுக்காரர் வெளியே கொடுத்த ஒரு யூனிட்டும் உள்ளே வாங்கிய ஒரு யூனிட்டும் சமம். சிறுகச் சொன்னால், கட்டமைப்பே அவருடைய பேட்டரி. அதற்கு வாடகையும் இல்லை.

தீபகற்பத்தில் அப்போதிருந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துப் பாருங்கள். முதல் 200 யூனிட்டுக்குத் தலா 21.80 காசு. அடுத்த 100-க்கு 33.40 காசு. 301 முதல் 600 வரை 51.60 காசு. அதற்கு மேல் 900 வரை 54.60 காசு. அத்தை மாதம் 700 யூனிட் பயன்படுத்தினார். கட்டணம் 286 ரிங்கிட் சொச்சம். அதில் 450 யூனிட்டைக் கூரை கொடுத்துவிட்டால் மீதி 250 யூனிட்தான், கட்டணம் 60 ரிங்கிட் சொச்சம். யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் மிச்சம், பணத்திலோ கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு மிச்சம். விலை கூடிய மேல்படி யூனிட்டுகள் முதலில் கழிவதுதான் காரணம். 2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறிவிட்டதால் இந்தக் கணக்கு இன்று அப்படியே பொருந்தாது. ஆனால் கணக்கிடும் வழி இதுதான்.

அமைப்புக்கு ஆன செலவு 19,000 ரிங்கிட். அப்போது நடப்பிலிருந்த சோலாரிஸ் ஊக்கத்தொகையில், ஒரு கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் வீதம் 4,000 ரிங்கிட் திரும்பக் கிடைத்தது. மீதி 15,000. மாதம் 226 ரிங்கிட் மிச்சமானால் ஐந்தரை ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். தகடுகள் 25 ஆண்டு அளவில் உழைப்பவை. இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம். ஆக, நான் அத்தைக்குச் சொன்ன யோசனை தவறில்லை. அது பாதி யோசனையாக இருந்ததுதான் தவறு.

ஏன் அணைந்தது?

இப்போது அந்தத் தீபாவளிக் கேள்விக்கு வருவோம். உச்சி வெயில், எட்டுத் தகடு, ஆனாலும் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஏன்?

கேபிளைப் பழுதுபார்க்க வந்த ஊழியரை நினைத்துப் பாருங்கள். துணைமின் நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்கிறார். அந்த நேரத்தில் நம் கூரையிலிருந்து மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளியே போனால் அவர் கையில் இருக்கும் செத்த கம்பிக்கு உயிர் வந்துவிடும். ஊரே இருண்டிருக்க, ஒரு வீடு மட்டும் தீவுபோலத் தனியே கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுப்பதைத் 'தீவாதல்' என்கிறார்கள். இதைத் தடுப்பது கட்டாயம். ஆகவே, வெளியே மின்சாரம் இல்லை என்று உணர்ந்த இரண்டு விநாடிக்குள் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அத்தை வீட்டு இன்வெர்ட்டரில் அன்று எரிந்த சிவப்பு விளக்கு, கோளாறைக் காட்டவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்ததைக் காட்டியது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை இன்வெர்ட்டர், கட்டமைப்பின் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பார்த்துப் பின்தொடரும் கருவி. தாளம் போடுபவர் நிறுத்திவிட்டால் பாடவும் தெரியாது. மேலும், ஒரு மேகம் கடந்தாலே தகட்டின் உற்பத்தி சட்டென்று விழும். ஃபிரீசர் ஓடத் தொடங்கினால் தேவை சட்டென்று ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளக் கட்டமைப்போ பேட்டரியோ ஒன்று பின்னால் இருந்தாக வேண்டும். அத்தை வீட்டில் இரண்டுமே அன்று இல்லை.

தனித்து நிற்கும் முறை

இதற்கு நேர்மாறான முறையைப் பார்க்க நான் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாலிங் பக்கம் மாமாவுக்கு ஒரு சிறிய டுரியான் தோட்டம் இருக்கிறது. மின்கம்பி அங்கே எட்டவில்லை. இழுத்து வரச் செலவு அதிகம். அவர் தோட்டக் குடிசைக்கு 450 வாட் தகடு இரண்டும், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி கொண்ட வழக்கமான ஈய-அமில பேட்டரி நான்கும் போட்டிருந்தார். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்று உண்டு. பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பாமல் அது பார்த்துக்கொள்ளும்.

தனித்து நிற்கும் முறையில் வரவுக்குள் செலவு அடங்கியே ஆக வேண்டும். மாமாவின் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதினேன். 10 வாட் விளக்கு ஆறு, ஐந்து மணி நேரம்: 300 வாட்-மணி. காற்றாடி 50 வாட், எட்டு மணி நேரம்: 400. சிறிய குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு 600. தண்ணீர் பம்பு 370 வாட், ஒரு மணி நேரம்: 370. கண்காணிப்புக் கேமரா 10 வாட், நாள் முழுதும்: 240. மொத்தம் 1,910 வாட்-மணி, அதாவது இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தகடு நாளுக்கு மூன்று யூனிட் போலத் தருகிறது. வரவில் குறையில்லை.

பேட்டரியில்தான் சிக்கல். நான்கும் சேர்ந்து 4.8 யூனிட் கொள்ளும். ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே கையில் இருப்பது 2.4 யூனிட்தான். இது தெரியாமல் மாமா தினமும் இரவில் ரைஸ் குக்கரும் போட்டார். தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்தால் பேட்டரி அடிமட்டம் வரை போய்விடும். இரண்டு ஆண்டு ஆவதற்குள் நான்கும் செத்துப்போயின.

இப்போது அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டார். விலை கூடுதல். ஆனால் அதன் கொள்ளளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். ரைஸ் குக்கர் எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்டது.

கம்பி எட்டாத இடங்களில் இந்த முறை வசதிக்காக அல்ல, வாழ்க்கைக்காகவே வருகிறது. சரவாக்கின் உட்பகுதி நீளவீடுகளுக்கு ஆறும் காடும் மலையும் தாண்டிக் கம்பி கொண்டுபோவது எளிதல்ல. 2016-இல் தொடங்கிய சரவாக் மாற்று ஊரக மின்விநியோகத் திட்டம், அங்குள்ள பல சிற்றூர்களுக்குச் சூரிய மின்சாரத்தையும் சிறு நீர்மின்சாரத்தையும் கட்டமைப்பின் துணையில்லாமலேயே கொண்டுசேர்த்திருக்கிறது. டீசல் வாங்கிப் படகில் ஏற்றிவந்து ஜெனரேட்டர் ஓட்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் தெனாகாவின் கம்பி வாசலுக்கு வந்திருக்கும் தாமான் வீட்டில், "கட்டமைப்பே வேண்டாம், முழுவதும் சொந்த மின்சாரம்" என்று போவது பெரும்பாலும் வீண் செலவு. தொடர் மழைநாளுக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்குப் பேட்டரி வாங்கி வைக்க வேண்டும். மற்ற நாள்களில் அது சும்மா கிடக்கும்.

கலப்பு முறை

மூன்றாவது, இரண்டும் சேர்ந்தது. தகடு, பேட்டரி, கட்டமைப்பு மூன்றையும் ஒரே இன்வெர்ட்டர் கையாளும். வெளியே மின்சாரம் போனால் அது கட்டமைப்பிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு, பேட்டரியையும் தகட்டையும் வைத்துத் தானே தாளம் போட ஆரம்பிக்கும். வெளியே ஒரு துளியும் போகாது என்பதால் பழுதுபார்ப்பவருக்கும் ஆபத்தில்லை.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி இருந்தால் வீடு முழுதும் எரியும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் விளக்கு, காற்றாடி, குளிர்சாதனப் பெட்டி போன்ற அவசியமான சுற்றுகளை மட்டும் தனியாகப் பிரித்து பேட்டரியோடு இணைப்பார்கள். குளிரூட்டியும் உடனடி நீர்ச்சூடேற்றியும் அதில் சேராது. 3,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் நீர்ச்சூடேற்றி 5 யூனிட் பேட்டரியை ஒன்றரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். எந்தச் சுற்று பேட்டரியில் இருக்கிறது, எது இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைகளும் தொழிற்சாலைகளும்

தொழிற்பயிற்சியில் நான் அதிகம் ஏறி இறங்கியது வியாபாரக் கட்டடங்களில்தான். வீட்டுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் நேரம். நம் வீட்டில் அப்பா, அம்மா வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகுதான் கூரை மும்முரமாக வேலை செய்கிறது. உணவகத்தில் அப்படியில்லை. மதிய உணவு நேரத்தில் குளிரூட்டி, புகைபோக்கி, ஃபிரீசர் எல்லாம் ஒன்றாக ஓடும்போது வெயிலும் உச்சியில் இருக்கிறது. உற்பத்தியும் தேவையும் ஒரே நேரத்தில் வருவதால் வெளியே அனுப்ப அதிகம் மிஞ்சாது, பேட்டரியும் தேவைப்படாது.

ஆகவே பல வியாபாரங்கள் சொந்தப் பயன்பாட்டு முறையைத் தேர்ந்தெடுக்கின்றன. கட்டமைப்போடு இணைந்திருக்கும், ஆனால் ஒரு யூனிட்டும் வெளியே போகாது. பகலில் குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ அந்த அளவுக்குத்தான் தகடு போடுவார்கள். வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் கட்டடமானால் அந்த இரண்டு நாள் உற்பத்தி வீண். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கு இன்னொரு விஷயம். அவை யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் 'அதிகபட்சத் தேவை'க்கும் பணம் கட்டுகின்றன. மாதத்தில் எந்த ஒரு 30 நிமிடத்தில் மிக அதிகமாக மின்சாரம் இழுத்தார்களோ, அந்த அளவுக்குத் தனிக் கட்டணம். ஒரு மாதம் முழுதும் நல்ல வெயில் அடித்து, ஒரே ஒரு பிற்பகல் மட்டும் கருமேகம் சூழ்ந்தால் போதும். அந்த அரைமணி நேரத்தில் கட்டமைப்பிலிருந்து இழுத்ததே அம்மாதத்தின் உச்சமாகப் பதிவாகிவிடும். வெறும் தகடு இதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அந்த அரைமணியைச் சமாளிக்கத்தான் சில தொழிற்சாலைகள் பேட்டரி வைக்கின்றன. வீட்டில் பேட்டரி கரண்ட் போகும் நேரத்துக்கு. தொழிற்சாலையில் அது கட்டண உச்சத்தை வெட்டுவதற்கு. கருவி ஒன்று, வேலை வேறு.

முதலீடு போட முடியாத வியாபாரங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சூரியசக்தி நிறுவனமே தன் செலவில் தகடு பொருத்தும். கட்டட உரிமையாளர் அந்த மின்சாரத்தை யூனிட் கணக்கில் குறைந்த விலைக்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குவார். கையிலிருந்து பணம் போகாது. ஆனால் நீண்ட ஒப்பந்தம், அதனால் இடம் மாறும் எண்ணம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

கூரையில் ஏறியபோது கற்ற இன்னொன்று, நிழல். தகடுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் மீது தண்ணீர்த் தொட்டியின் நிழலோ மரக்கிளையின் நிழலோ விழுந்தால் வரிசை முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். வெயில் கூடக்கூட உற்பத்தி கூடும் என்பதும் முழு உண்மையல்ல. தகட்டின் மீது எழுதியிருக்கும் வாட் அளவு, மின்கலம் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர்ப் பிற்பகலில் கூரைத் தகடு 60 பாகையைத் தொடும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு உற்பத்தி குறையும். நமக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல.

விதி மாறினால் விடையும் மாறும்

நம் நாட்டில் சூரிய மின்சாரத்துக்கான விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. 2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செடா எனும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமும் அமைந்தது. அப்போதிருந்த திட்டத்தில் சூரிய மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு விற்பவருக்கு 21 ஆண்டுகளுக்கு நிர்ணயித்த விலை கிடைத்தது. 2016-இல் நெம் வந்தது. 2019 முதல் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என்ற கணக்கு. 2021-இல் நெம் 3.0. அது 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. 2026 ஜனவரியில் சோலார் அத்தாப் திட்டம் தொடங்கியது.

அத்தாப் என்றால் மலாயில் கூரை என்று நமக்குத் தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு மாதத்தின் மிகுதியை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பது. அத்தை சேர்ந்த நெம் திட்டத்தில் அந்த வசதி இருந்தது. எனவே இப்போது புதிதாகப் போடுகிறவர், கூரை கொள்ளும் மட்டும் தகடு போட்டுவிட்டு மிகுதியை வெளியே தள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. தன் தேவைக்கு ஏற்ற அளவே நல்லது. விதி இப்படிப் போகப் போக, மிகுதியை வீட்டிலேயே சேர்த்து வைக்கும் பேட்டரிக்கு மதிப்பு கூடும்.

வீட்டில் யாராவது சோலார் போட நினைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாம் மின்சாரத்தை எந்த நேரத்தில் அதிகம் பயன்படுத்துகிறோம்? மிஞ்சும் மின்சாரம் எங்கே போகும், அதற்கு என்ன கிடைக்கும்? கரண்ட் போனால் எது ஓட வேண்டும், எவ்வளவு நேரம்? முதல் கேள்விக்கு விடை காண, ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கும் மீட்டரைப் பார்த்து எழுதினாலே போதும். பகல் பயன்பாடும் இரவுப் பயன்பாடும் கையில் வந்துவிடும். வேலை நாள் ஒன்றிலும் அதையே செய்து ஒப்பிடுங்கள். பிறகு விற்பனையாளர் செடாவில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

அத்தைக்குச் சொன்ன பதில்

தொழிற்பயிற்சி முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போனேன். செய்த தவற்றுக்கு ஈடாக ஒரு கலப்பு முறையைத் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. நான்கு ஃபிரீசரும் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 4.8 யூனிட் எடுக்கின்றன. அதாவது சராசரியாக 200 வாட். 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒன்று இருந்தால், வெயிலே இல்லாவிட்டாலும் இருபது மணி நேரம் தாங்கும். அளவு சரியாக வந்தது. விலையும் கேட்டு வைத்திருந்தேன். இன்வெர்ட்டரை மாற்றி, பேட்டரி போட்டு, சுற்றுப் பிரிக்க 11,000 ரிங்கிட்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறுத்தியது. அத்தை பழைய நெம் திட்டத்தில் இருக்கிறார். வெளியே கொடுக்கும் யூனிட்டுக்கு முழு யூனிட் திரும்பக் கிடைக்கிறது. பேட்டரி வைப்பதால் அவர் கட்டணம் ஒரு காசும் குறையாது. அந்தத் தாமானில் நீண்ட மின்தடை ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அந்த ஒரு நாளுக்காக 11,000 ரிங்கிட்டா?

"அத்தை, பேட்டரி வேண்டாம்" என்றேன். "சின்ன ஜெனரேட்டர் ஒன்னு போதும். ரெண்டாயிரம் ரிங்கிட்கூட ஆகாது."

சூரியசக்தி படித்தவள் பெட்ரோல் ஜெனரேட்டரைச் சிபாரிசு செய்வது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு அப்படித்தான் வந்தது. நான்கு விதிகளை எழுதி ஃபிரீசர் மேல் ஒட்டினேன். ஜெனரேட்டர் வீட்டுக்குள் ஓடக் கூடாது, அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சுவர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது, ஃபிரீசரை நீட்டிப்புக் கம்பியால் நேராக ஜெனரேட்டரோடு இணைக்க வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான், ஏனென்றால் ஃபிரீசர் ஓடத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். கரண்ட் போயிருக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது.

அத்தை படித்துப் பார்த்துவிட்டு, "இதைத்தான்டி அன்னைக்கே கேட்டிருக்கணும், கரண்ட் போனா என்ன ஆகும்னு" என்றார்.

"ஆமா அத்தை."

"நானும் கேக்கல. விடு."

இந்த ஆண்டு ஒருநாள் பிற்பகல் மறுபடியும் அத்தையின் அழைப்பு வந்தது. பின்னணியில் ஏதோ தடதடவென்று ஓடும் சத்தம். எனக்கு நெஞ்சு பக்கென்றது.

"ஒன்னுமில்லடி. கரண்ட் போச்சு, பின்சந்துல ஜெனரேட்டர் ஓடுது. நாலும் ஓடுது. சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன். நீ படி."